சிவப்புக் கோட்டோடு வந்த உங்கள் மடல்

இன்று காலை அலுவலகக் கணினியில் புதிய மடல் செயலி போட ஒருவர் வந்திருந்தார். பழைய மடல்களை மாற்றிக்கொண்டிருந்தவர், "மிஸ், கையெழுத்து செல்லாதுன்னு சிவப்புக் கோட்டோட ஒன்னு இருக்கு. அழிச்சிரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கத்திவிட்டேன் போலும். மனிதர் தேத்தண்ணி குடிக்க இறங்கிப் போய்விட்டார். அது நீங்கள் எனக்கு எழுதிய கடைசி மடல்.

கண்டியில் இந்தச் சட்ட உதவி அலுவலகத்தின் மாடியில் ஆறு வருடம் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்தோம். நீங்கள் யாழ்ப்பாணம், நான் இந்த ஊர் மஹய்யாவ. நீங்கள் என்னை 'நீர்' என்பதும் நான் உங்களை 'நீங்க' என்பதும் கடைசிவரை மாறவில்லை. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் லயன் வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்களின் வாக்குமூலங்களை எழுதி, கொழும்பு வழக்கறிஞருக்கு அனுப்புவது நம் வேலை. பெயர் வெளியே போனால் அவர்கள் பிழைப்பும் போய்விடும். ஒருமுறை உங்கள் பெயரில் யாரோ பொய் மடல் அனுப்பி அந்தப் பெயர்களைக் கேட்க, நான் அனுப்பியே இருப்பேன். நல்லவேளை, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அதன் பிறகுதான் நம் மடல்களுக்குப் பூட்டும், எழுதியவர் யார் என்று காட்டும் மின் கையெழுத்தும் வந்தன. கையெழுத்துப் பொருந்தாவிட்டால் மடலின் மேலே சிவப்புக் கோடு விழும் என்று காட்டிவிட்டு நீங்கள் சொன்னீர்கள்:

"சிவப்புக் கோடு வந்தா அது நானில்லை. பதில் போடாதேயும், போனிலயும் கேளாதேயும். நான் கந்தோருக்கு வேலைக்கு வந்தாப்பிறகு முகத்தைப் பார்த்துக் கேளும்."

"நீங்களே கோவத்துல செவந்து வந்து நின்னா?"

"அப்பவும் நம்பாதேயும்."

வழக்கறிஞரின் செயலி வேறு வகை. நம் பூட்டு அவருக்குத் திறக்காது. அவருடைய கையெழுத்துச் சான்றிதழை நம் செயலி ஏற்காது. நம் கையெழுத்து அவரிடம் ஏதோ பெயர் தெரியாத இணைப்பாகப் போய்ச் சேரும். வைரஸா என்று கேட்டு எழுதுவார். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வாக்குமூலங்களைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் கொழும்புக்கு ரயில் ஏறியதும் உண்டு.

வயிற்றுக் கோளாறு என்று லீவு போட்டு நீங்கள் பிலிமத்தலாவையில் தங்கை வீட்டுக்குப் போன வாரம், கையெழுத்தெல்லாம் தனக்கு விளங்கவில்லை, மடல்களின் அடியில் 'இது இரகசியமானது' என்று ஒரு வரியாவது போடுங்கள் என்றார் வழக்கறிஞர். அலுவலக முகவரியிலிருந்து போகும் எல்லா மடலிலும் அந்த வரி தானாகவே விழும்படி ஆளைப் பிடித்துச் செய்வித்தேன். நீங்கள் இல்லாமலே ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டேன் என்று பெருமை வேறு.

மூன்றாம் நாள் உங்கள் மடல் வந்தது. "ஒருக்கா வாரும். பயமாக் கிடக்கு." மேலே சிவப்புக் கோடு.

தோட்டத்துத் துரையின் முகத்துக்கு நேரே சத்தம் போட்ட நீங்களா பயம் என்று எழுதுவீர்கள்? எவனோ நன்றாகத்தான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். பதில் போடவில்லை, போனும் எடுக்கவில்லை. நீங்கள் வேலைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். போகவில்லை.

அடுத்த வாரம் உங்கள் செத்த வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ. பஸ் நிண்டாச் சரி, அவவோ எண்டு பாக்கச் சொல்லுவா."

கையெழுத்திட்ட மடலில் பிறகு ஓர் எழுத்துக் கூடினாலும் கையெழுத்துச் செல்லாது என்பது உங்கள் முப்பத்தோராம் நாளுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் போடச் சொன்ன வரி வழியில் உங்கள் மடலின் அடியில் ஒட்டியிருக்கிறது. அலுவலகத்தில் கையெழுத்திட்டு எழுதுகிறவர்கள் நாம் இருவர் மட்டும்தானே, அதனால் வேறு யாருக்கும் தெரியவில்லை. உங்கள் தங்கையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. இரண்டே வரியில் எழுதினீர்களே, தங்கையை விட்டுக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று உங்கள் மேலும் கோபப்பட்டுப் பார்த்தேன். அது நிலைக்கவில்லை.

பெயர்களை இன்றும் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் வரச்சொல்லி யார் எழுதினாலும் போய்விடுகிறேன். போன மாதம், அவசரமாக வாங்க என்று கலஹாவிலிருந்து ஒரு மடல் வந்தது. கையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தால் அந்தப் பெயரில் அங்கே யாருமே இல்லை. இப்படி இது மூன்றாவது தடவை. லயன் வீட்டுப் பெண் ஒருத்தி, "யாரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்டாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இனியும் போவேன். போய் ஏமாறுவதை என்னால் தாங்க முடிகிறது.