கழுவாமல் வைத்த குடுவை

அன்பு மகள் பெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே பென்னலூரில் நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், என் நெற்றியைத் தவிர. நீ அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா ஜெபமாலையில் உனக்கென்று தனியாகப் பத்து மணி உருட்டுகிறாள். நெற்றி வீக்கத்துக்குக் காரணம் பைக் ஸ்டாண்டு என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். லேபிலிருந்து பேய்க்குப் பயந்து ஓடிக் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டேன். கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன், அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். இதைப் போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போடு என்பாள், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் கடிதமாக வைக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் முலாம் பூசும் கம்பெனியின் கழிவுநீர் லேபில் கெமிஸ்டாக இருந்த கனகலட்சுமி, விளாத்திகுளம் பக்கத்துப் பெண், உன் வயதுதான், ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போகும்போது வல்லம் வடகால் திருப்பத்தில் ஷேர் ஆட்டோ மேல் கன்டெய்னர் லாரி மோதி இறந்துபோனதை உனக்குச் சொல்லியிருந்தேன். புது ஆள் வரும்வரை டெஸ்ட்டை எல்லாம் நீயே பார் என்று மேனேஜர், வால்வு திருகும் என் தலையில் கட்டிவிட்டார். குளோரின் திரவம் லோடு வந்து இறங்கினால் அதன் வீரியம் பார்க்க வேண்டும். படித்த உனக்குத் தெரியாததா, இருந்தாலும் பத்தாவது படித்தவன் சொல்வதையும் ஒருமுறை கேள். சாம்பிளில் அயோடைடு உப்பும் கொஞ்சம் அமிலமும் சேர்த்தால் டீ டிகாஷன் மாதிரி ஆகிறது, பியூரெட் குழாயிலிருந்து தயோசல்பேட், இங்கே சுருக்கமாகத் தயோ, விட விட வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கிறது, அப்போது கொஞ்சம் ஸ்டார்ச் கஞ்சி விட்டால் மை கொட்டினது போல் நீலம். பிறகு சொட்டுச் சொட்டாகத் தயோ விட்டுக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு சொட்டில் நீலம் மொத்தமாக ஓடிப்போய் வெறும் தண்ணீராக நிற்கும், அந்த இடத்தில் நிறுத்தி ரீடிங் எடுக்க வேண்டும். கனகலட்சுமி ரீடிங் எடுத்த கையோடு குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். நான் சோம்பேறி, அப்படியே ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீராக விட்டுப்போன குடுவை நீலமாக நிற்கிறது. லேபில் ஒருவரும் இல்லை. அவளுடைய வெள்ளைக் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. அப்புறம்தான் அந்தக் கதவு.

பம்ப் ஓட்டும் முனிரத்தினம் சிரித்துச் சிரித்து இருமினான். இன்னாபா ஜோசப்பு, பேய் கீதுன்னா கதவத் தொறந்துகினு ஓட மாட்டியா என்றான். மறுநாளும் நீலம் வந்தபோது அவனும் லேப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். துடைக்க வரும் பெண்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள், கனகாக்கா வேலைய முடிக்காம போயிட்டாங்க, அதான் வராங்க என்று கேன்டீன் வரை பேச்சு. நான் கோவிலிலிருந்து தீர்த்தம் கொண்டுபோய் நாலு மூலையிலும் தெளித்தேன், கொஞ்சம் குடுவையிலும் விழுந்தது, நீலம் மசியவில்லை.

புதிதாக வந்த கெமிஸ்ட் சக்திகுமார்தான் மேடை டைல்ஸ் மேல் மார்க்கரால் இரண்டு அரைச் சமன்பாடு எழுதிக் காட்டினான். அயோடின் ஆக்சிஜனேற்றி, எலெக்ட்ரானை வாங்கும். தயோ ஒடுக்கி, எலெக்ட்ரானைக் கொடுக்கும். வாங்கிய அயோடின் அயோடைடாகி நிறம் இழக்கிறது. ஆனால் குடுவையில் அயோடைடு நிறைய மிச்சம் இருக்கிறது, சும்மா வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், மறுபடி அயோடின், மறுபடி நீலம். பேயும் இல்ல ஒண்ணும் இல்ல அங்கிள், வெறும் காத்து என்றான். ஒரு பாதியைத் தனியாக எழுதலாமே ஒழிய அது தனியாக நடக்காதாம், கொடுப்பது ஒன்று இருந்தால் வாங்குவது ஒன்று இருந்தே ஆக வேண்டுமாம். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்கு ஓடுவது மட்டும்தான் நின்றது.

போன சனிக்கிழமை கனகலட்சுமியின் அப்பா பெருமாள்சாமி வந்தார். அவளுடைய வெள்ளைக் கோட்டையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார். அந்த நீலம் திரும்பி வருமாமே அண்ணாச்சி, அத நான் ஒருக்கா பாக்கலாமா என்று கேட்டார். கேன்டீன் பேச்சு அவர் காது வரை போய்விட்டது, மகள் வருவாள் என்று நம்பி வந்திருக்கிறார் என்று நினைத்து, சக்திகுமார் சொன்னதைத் தப்பும் தவறுமாக ஒப்பித்தேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். காத்துதாம்னு தெரியும் அண்ணாச்சி, போன்ல எங்கிட்டச் சொல்லியிருக்கா, கழுவாம வச்சா இங்க உள்ளவுக பேயின்னுருவாக, அதான் உடனே கழுவிருதேம்ப்பான்னு சிரிப்பா, அவ சொன்னத ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போயிருதேன் என்றார்.

அவர் கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். சக்திகுமாருக்கு அன்றைக்கு லீவு. ஒரு சொட்டு கூடிவிட்டால் மிச்சத் தயோ வருகிற அயோடினை எல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கும், அவர் கிளம்பும்வரை நீலம் எட்டிப் பார்க்காது. என் கையோ சொட்டு விடும் கை இல்லை, வால்வு திருகும் கை. முதல் குடுவையில் இரண்டு மூன்று சொட்டு சேர்ந்தே விழுந்துவிட்டது. ஜன்னலோரம் வைத்துக் காத்திருந்தோம், வெறும் தண்ணீர். இன்னிக்கி வர மாட்டாபோல என்று சிரிக்கப் பார்த்தார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் நின்ற முனிரத்தினம், மெதுவா வுடு ஜோசப்பு, லாரிக்கா டீசல் போட்ற என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்து அடுத்த குடுவையை வாங்கிச் சுழற்றிக் கலக்கினான். இந்தமுறை கடைசிச் சொட்டு பியூரெட் முனையில் பாதியாகத் தொங்கும்போதே நிறுத்தி, அதைக் குடுவையின் உள்சுவரில் தொட்டுத் தண்ணீரால் இறக்கினேன். நீலம் போனது. மறுபடி ஜன்னலோரம் வைத்துவிட்டு மூன்று பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தோம். வெளியே கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. ரொம்ப நேரத்துக்குப் பிறகு மேல்மட்டத்தில் புகை போல ஒரு சாயல், அப்புறம் மெல்ல அடி வரை. பெருமாள்சாமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிடவில்லை, அழவில்லை. பிறகு எழுந்து, கழுவிருதேன் அண்ணாச்சி, இல்லேன்னா அவ வைவா என்று குடுவையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். முகம் எங்களுக்குத் தெரியாதபடி நின்று, அந்தச் சின்னக் குடுவையை ரொம்ப நேரம் கழுவினார்.

பெனிம்மா, சைக்கிளில் போகும்போது லாரியை ஒட்டிப் போகாதே, காதில் பாட்டு மாட்டிக்கொள்ளாதே. அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடு, இங்கே எந்த நேரமானாலும் பரவாயில்லை, உன் மெசேஜ் வரும்வரை அம்மா தூங்குவது போல நடிக்கிறாள், நானும்தான். அங்கே வெயில் என்று ஒன்று வந்தால் மிளகாய்த்தூளை ஒருமுறை காய வை. அந்தோணியார் உன் கூடவே இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு மகளே.

ஒன்று மட்டும் அன்றைக்கு லேபில் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரில் முதல் நீலம் தெரிந்தபோது என் நாக்கு நுனி வரை வந்த பெயர் கனகலட்சுமி இல்லை. பெனி, வந்துட்டியாம்மா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார், மூடிக்கொண்டேன்.

உன் அப்பா
மரியஜோசப்