கட்டைவிரல்கள் எழும்பியதை எழுதியவளுக்கு

இன்று மத்தியானம் பாப்பாவின் வாயில் விரலை விட்டு வெள்ளை மண்ணைத் தோண்டி எடுத்தேன். பின்வீட்டில் சூளைக்கு வைக்கக் காயப்போட்டிருந்த கோப்பையின் பிடியைக் கடித்துவிட்டாள். அவள் மூச்சில் ஈர மண் மணந்தது. நீ வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

எனக்கு மசக்கையில் சோறு இறங்காத நாட்கள் நினைவிருக்கிறதா? உன் அண்ணன் வேலை பார்த்த பீங்கான் கொட்டகையிலிருந்து, சுடாத கோப்பைகளின் உடைந்த பிடிகளை முந்தானையில் முடிந்து கொண்டுவருவாய். கிணற்றடியில் உட்கார்ந்து இருவரும் கடிப்போம். "மசக்கை உனக்கு. எனக்கு எதுக்குடி இவ்ளோ ருசியா இருக்குது?" என்று சிரிப்பாய். மாமியார் காதுக்குப் போகக்கூடாது என்று எத்தனை முறை கெஞ்சினேன்! "நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?" என்றாய். சொல்லவில்லைதான். எழுதினாய்.

பாப்பா பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாத்தனார் உன் கதை வந்த வாரப் பத்திரிகையோடு ஓடிவந்தாள். "அம்மா, இங்க வாயேன். கிணத்தடி, பச்சைப் புடவை, வாயெல்லாம் மண்ணு. நம்ம அண்ணியேதான்!"

"அதான் புள்ள வெளுத்துப்போயி எலிக்குஞ்சாட்டம் இருக்குது," என்றார் மாமியார். "வயித்துல மண்ண ரொப்பிக்கிட்டு இவ சந்தோஷப்பட்டாளாம், அத புஸ்தகத்துல போடுறாங்களாம்."

அன்றிலிருந்து பாப்பா அவர் மடியில். பாலுக்கு மட்டும் என்னிடம் வருவாள். இன்றைக்கும் அவள் தும்மினால் வீடே என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். "நீயும்தானே தின்ன? கதையில உன்னை எங்கடி காணோம்?"

"ரெண்டு பேர் தின்னா சந்தோஷம் பாதியாயிடும்டி. தனியா தின்னாத்தான் கதை நிக்குது."

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டதை மங்கலம்பேட்டை பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தபோதுதான் கேட்டேன். முடியாத சண்டையோடு இறங்கி நடந்தேன்.

கல்லூரி விடுதியில் சொல்வாயே, "சந்தோஷமா இருந்தாள்னு எழுதினா அது அங்கயே செத்துடும்டி. உடம்பு என்ன பண்ணுச்சுன்னு மட்டும் எழுதணும்." உன் கதையில் அந்த வார்த்தையே கிடையாது. 'அவள் கண்ணை மூடினாள். கால் கட்டைவிரல்கள் இரண்டும் மேலே எழும்பி நின்றன.' அவ்வளவுதான். என் விரல்கள் எழும்பும் என்று எனக்கே தெரியாது. சேர்ந்து தின்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். நீ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். மாமியாரின் வாயைக்கூட மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

இன்று பாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு, மாமியார் வருகிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தேன். இல்லை. அதற்குள் கன்னத்தில் ஒதுக்கியிருந்த துண்டு ஒன்றை நறுக்கென்று கடித்தாள். எனக்குப் பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் அவள் வாய்க்குப் போகவில்லை, காலுக்குப் போயிற்று.

இரண்டு கட்டைவிரல்களும் எழும்பி நின்றன.

இதை உன்னைத் தவிர யாருக்கும் எழுதமாட்டேன்.