சத்தமில்லாத நிலம்

17-5-1971

கீழமருதாவூர் வந்து சேர்ந்தேன். வலங்கைமானுக்குத் தெற்கே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால். மிராசுதார் ரெத்தினத்தின் ரைஸ் மில்லை ஒட்டிய பங்களாவில் எனக்கு ஓர் அறை. டிரைவர் லியாகத் அலி வேனிலேயே படுத்துக்கொள்கிறார். கேட்டால், "எனக்கு இதான் சவுகரியம் மேடம்" என்றார். சாப்பிடும்போதுதான் புரிந்தது. எனக்குக் கூடத்தில் இலை. அவருக்குக் கொல்லைப்பக்கம்.

நான் நாகப்பட்டினத்துக் குப்பத்துப் பெண், அப்பா படகு வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் என் இலை எங்கே போகும்? யாரும் கேட்கவில்லை. சர்க்கார் வேன், எம்.எஸ்ஸி. பட்டம் - இரண்டும் முன்னால் நின்று மறைத்துக்கொண்டன.

சாப்பாடு ருசியாக வேறு இருந்தது.

20-5-1971

வேலை நன்றாக நடக்கிறது. இன்று மனசு நிறைந்திருந்தது என்று எழுதிவைக்கிறேன்.

பல நாடுகள் சேர்ந்து போடும் ரேடியோ தொலைநோக்கி இது. கண்ணாடியே கிடையாது. வயல்வெளி முழுக்க மைல்கணக்கில் ஆன்டெனாக்களை வரிசையாக நட்டுக் கம்பியால் இணைத்தால், எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கருவி. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன் கிளம்பிய ரேடியோ அலைகள் அதில் வந்து விழும். அதற்குத் தட்டையான பூமி வேண்டும். பக்கத்தில் மோட்டார், வெல்டிங் பட்டறை போன்ற மின்சார இரைச்சல் கூடாது. பரிசீலனையில் இருக்கிற நாடுகள் மூன்று, அதில் நாமும் ஒன்று. வேனில் ரிசீவரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரைச்சலைப் பதிவு செய்வது என் வேலை. உருளும் தாளில் ஒரு பேனா கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ரைஸ் மில் மோட்டாரைப் போட்டால் போதும், பேய் பிடித்ததுபோல் துள்ளும்.

இந்தப் பேனா முன்னால் உட்காரத்தானே அப்பாவோடு அத்தனை சண்டை போட்டுப் படித்தேன்.

28-5-1971

மிக அமைதியான இடம் கிடைத்துவிட்டது. கூலிக்காரர் தெரு. பேனா நேர்கோடு போட்டது, அடிமட்டம் வைத்து இழுத்தாற்போல.

வேன் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அம்சம். நாற்பது வயது இருக்கலாம். இங்கே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவள்தான் எல்லாம் என்று லியாகத் அலி பிறகு சொன்னார்.

"என்னம்மா அளக்குறீங்க, நெலமா?"

"இல்லக்கா. சத்தம்."

"எங்க தெருவுலயா?" என்று சிரித்துவிட்டாள். "கரண்டே இல்லாத தெருவுல என்ன சத்தத்தக் கண்டீங்க!"

தெருமுனையில் மின்கம்பங்கள் கிடக்கின்றன. எலக்‌ஷனுக்கு முன்னால் இறக்கிப் போட்டார்களாம். நடுவதற்கு ஆள் வரும் என்று காத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டருக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னேன். "அற்புதம், அற்புதம்! அந்தத் தெருவையே மையமா வச்சுக்கலாம்" என்றார். சந்தோஷப்பட்டேன். அவளுக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று அப்போது யோசிக்கவே இல்லை.

5-6-1971

டைரக்டர் குறித்துக் கொடுத்த நிலம் முழுவதும் மிராசுதாருடையது. அவராகவே முன்வந்து தருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். பெரிய மனசு என்று நானும் நினைத்தேன்.

அம்சம்தான் விஷயத்தைச் சொன்னாள். நில உச்சவரம்புச் சட்டப்படி அவர் கையை விட்டுப் போகவேண்டிய நிலம் அது. தலைமுறையாக அதில் உழைத்தவர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று மனுக் கொடுத்து, வரப்பில் செங்கொடியும் நட்டிருக்கிறார்கள். விசாரணை முடிவதற்குள் விஞ்ஞானத்துக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பங்கு கேட்க நிலம் இருக்காது.

மனசு கேட்கவில்லை. மத்தியானம் இலையில் உட்கார்ந்தபோது மிராசுதாரிடமே கேட்டேன். மறுப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாம்மா, அதேதான். அந்தப் பயலுவளுக்குப் போறத விட ஆகாசத்துக்குப் போவட்டும். சர்க்கார்ல நஷ்டஈடும் குடுப்பான், கல்லுல நம்ம பேரயும் வெட்டுவான்" என்றார். சொல்லிவிட்டு ரசம் கொண்டுவரச் சொன்னார். ஆளுங்கட்சி ஒன்றியத் தலைவர் பக்கத்து இலை. அவரும் சிரித்தார்.

ரசம் எனக்கும் ஊற்றினார்கள். குடித்தேன். ஏன் குடித்தேன்?

14-6-1971

கம்பங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

டைரக்டர் அனுப்பிய சிபாரிசு. சுற்றிப் பத்து மைலுக்குப் புதிய மின் இணைப்பு எதுவும் கூடாது. மிராசுதாரின் மில்லுக்கு மட்டும் இரைச்சலைக் குறைக்க ஒரு சாதனம் மாட்டித் தருவார்களாம், அது பழைய இணைப்பாம். சிபாரிசுக்கு ஆதாரம்: நான் கையெழுத்துப் போட்ட பதிவுகள்.

லாரியில் ஒவ்வொரு கம்பமாக ஏற்றினார்கள். தெருவே வெளியில் வந்து பார்த்தது.

"எதுக்கு மேடம் எடுக்குறாங்க?" - லியாகத் அலி.

தெரியாது என்றேன்.

அம்சம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

15-6-1971

வயிறு சரியில்லை என்று சொல்லிக் கூடத்துக்குப் போகவில்லை.

2-7-1971

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். இன்று காலை அம்சமும் அவள் தெருக்காரர்களும் அந்த நிலத்தில் நடவுக்கு இறங்கினார்கள். மிராசுதாரின் டிராக்டர்கள் வயலுக்குக்கூடப் போகவில்லை, நேரே நாற்றங்காலுக்குப் போயின. வளர்ந்து நிற்கிற பச்சை நாற்றின்மேல் முன்னும் பின்னும், முன்னும் பின்னும் - உழவன் வீட்டில் பிறந்தவன் ஓட்டுகிற ஓட்டா அது? சேற்றில் அரைத்துவிட்டார்கள். பெண்கள் வண்டிக்கு முன்னால் விழுந்தார்கள். அதற்குப் பிறகு போலீஸ். தடி. அம்சத்தின் புருஷன் தங்கையனுக்கு மண்டை பிளந்து, முகமெல்லாம் ரத்தம்.

வேன் தெருமுனையில்தான் நின்றது. போலீஸ் ஜீப்பிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசப் பேச, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி துள்ளியது. டைரக்டர் காலை ரயிலில் வந்து எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வெளியே பெண்கள் கத்துகிறார்கள். இந்த மனுஷன் தாளைக் குனிந்து பார்க்கிறார்.

"இது போலீஸ் வயர்லெஸ்தானே? நிரந்தர இரைச்சல் இல்லையே. அப்ப இன்னிக்கு ரெக்கார்டக் கழிச்சிடு."

சீ! மனுஷனா இவன்? கழிச்சிடுன்னு சொல்றான். அந்த ஆளு கிடக்குறது கண்ணுக்குத் தெரியலையா? தெரிஞ்சுது. பார்த்தான். பார்த்துட்டுத்தான் சொன்னான்.

ரிசீவரை நிறுத்தினேன். லியாகத் அலியிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே பின்கதவைத் திறந்துவிட்டார். தங்கையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்சம் தன் முந்தானையை அவன் தலையில் அழுத்திக்கொண்டே வந்தாள். வலங்கைமான் தாண்டும்போது, "மெதுவாப் போங்க பாய், குலுங்குது" என்றாள்.

3-7-1971

விஞ்ஞான வாகனத்தைச் சொந்தக் காரியத்துக்கு உபயோகித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்ன சொந்தக் காரியம்!

தங்கையன் பிழைத்துவிட்டான். வலது கண் போய்விட்டது.

9-8-1971

வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்தார்கள். நாதஸ்வரம், மாலை, சந்தனம். மிராசுதார் பட்டு வேட்டியில். கூலிக்காரர் தெரு கண்ணில் படக்கூடாது என்று சாலையோரம் முழுக்கக் கீற்றுத்தட்டி கட்டியிருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் போலீஸ்.

சாப்பாட்டுக்குப் பின் அவர்களில் மூத்தவர் என் பதிவுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். வேலை தெரிந்தவர். எந்த இடத்தில் விரலை வைக்கவேண்டுமோ அங்கே வைத்தார்.

"இவ்வளவு அமைதியா? எப்படி?"

"அமைதியான விவசாயிகள்" என்றார் டைரக்டர்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "இன்னும் இருபது வருஷத்துக்கு இப்படியே இருக்குமா?"

டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். அந்தத் தட்டிக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு மின்சாரம் இல்லை, அதனால்தான் இந்தக் கோடு நேராக இருக்கிறது. கம்பங்கள் வந்தன, எங்கள் அறிக்கையால் திரும்பிப் போயின. இந்த நிலத்தைக் கேட்டதற்காகப் போன மாதம் அடிபட்டு ஒருவருக்குக் கண் போயிற்று. அவர்களை இருட்டிலேயே வைத்திருந்தால் இருபது வருஷமும் இப்படியே இருக்கும். இதையெல்லாம் இங்கிலீஷில், குரல் உடையாமல் சொன்னேன். எப்படி என்று தெரியவில்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு நிமிஷம் வந்தது.

பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, சுவாமிமலைக்குப் போக நேரம் இருக்குமா, நடராஜர் விக்கிரகம் ஒன்று வாங்கவேண்டும் என்று கேட்டார்.

10-8-1971

"உன்ன எங்கேருந்து தூக்கிட்டு வந்து விட்டேன், தெரியுமா? மீன்கூடைப் பக்கத்துலேருந்து" என்றார் டைரக்டர். ஆக, அவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் மரியாதை என்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன்?

31-8-1971

ராஜினாமா கொடுத்துவிட்டு நாகப்பட்டினம் வந்தேன். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். "அஞ்சு வருஷப் படிப்பு, கடல்ல போட்டது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

3-12-1971

பேப்பரில் வந்துவிட்டது. தொலைநோக்கி வேறு நாட்டுக்குப் போகிறது. அங்கே செலவு குறைவாம். டைரக்டர் பேட்டி கொடுத்திருக்கிறார்: உள்ளூர்ச் சட்டம் ஒழுங்கு நிலைமையால் நாடு ஓர் அரிய வாய்ப்பை இழந்ததாம்.

நாற்றை மிதித்தவன் பெயர் இல்லை. தடி எடுத்தவன் பெயர் இல்லை. பழி முழுக்கத் தங்கையன் தலையில். ஏற்கெனவே பிளந்த தலை.

எனக்கும் அழுகை வந்தது. கருவி வராமல் போனதற்காகவும் அழுதேன். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

12-6-1972

பெண்கள் பள்ளியில் வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒலி, ஒளி. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

20-9-1972

துறைமுகத்தில் லியாகத் அலியைப் பார்த்தேன். இப்போது மீன் லாரி ஓட்டுகிறார். ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார்.

"மேடம், கீழமருதாவூர் சேதி தெரியுமா?"

கருவி வராவிட்டாலும் அந்த நிலத்தை சர்க்கார் திருப்பித் தரவில்லை. முள்வேலி போட்டார்கள். சும்மா கிடப்பானேன் என்று வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தவர் மிராசுதார். நஷ்டஈடும் வாங்கி, நிலத்தையும் வைத்துக்கொண்டார்! அதில் அவர் போட்ட குறுவையை அம்சமும் பெண்களும் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய் அறுத்திருக்கிறார்கள். திருட்டு வழக்கு. எல்லாரும் ஜெயிலில்.

"ஜாமீனுக்கு ஆளில்ல மேடம். சொத்து உள்ளவன் எவனும் மிராசுதாருக்குப் பயந்து வரமாட்டேங்கிறான்."

என்னிடம் என்ன சொத்து இருக்கிறது?

21-9-1972

வீட்டை வைத்து ஜாமீன் நிற்பாரா என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு நானாகப் பேசிய முதல் பேச்சு அது. அவர் எழுந்து படகுக்குப் போய்விட்டார்.

29-9-1972

விடிந்ததும் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் வீட்டுப் பத்திரம். "எந்த பஸ்ஸு?" என்றார்.

கும்பகோணம் கோர்ட். குமாஸ்தா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரு?"

"அய்யாவு."

"நாகப்பட்டினத்துலேருந்தா வர்றே? இவங்களுக்கு நீ என்ன உறவு?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம், "உறவுக்காரன் எவனும் வரல, நான் வந்திருக்கேன். எழுதுங்க" என்றார்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அம்சம் மெலிந்துபோயிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் அப்பாதான் டீ வாங்கிக் கொடுத்தார். அவரும் அம்சமும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, காவேரித் தண்ணி கடலில் சேருகிற இடத்தில் என்ன மீன் படும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், வெகுநாள் பழகினவர்கள்போல. தெருவுக்குக் கம்பம் இன்னும் வரவில்லையாம். குறுவைக்கு அடுத்த தாளடி நடவுக்கு மறுபடி இறங்குவார்களாம். "வேலி போட்டா என்ன, பிரிக்கத் தெரியாதா" என்றாள்.

வலங்கைமான் பஸ் வந்தது. ஏறப் போனவள் நின்றாள்.

"ஏம்மா, அந்த மிஷின எங்கதான் வச்சாங்க?"

"வேற நாட்டுலக்கா. ரொம்ப தூரம்."

"அங்க யாரு நெலத்துல?"

பஸ் புறப்படுகிறவரை யோசித்தேன். தெரியவில்லை.