முந்திரிப்பழம் தைத்த துணி

அக்கா,

கஞ்சி போட்ட துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு வாசம் வருமே, சோறு வடிக்கிற வாசமும் லேசாகத் தீய்கிற வாசமும் கலந்த மாதிரி, அது இப்போது வீடு முழுக்க அடிக்கிறது. இன்று வியாழக்கிழமை. நாளைக்கு மாச முதல் வெள்ளி. படுத்துக் கிடக்கிறவர்களுக்குச் பங்குச் சாமியார் வீடு வீடாக நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், கொண்டுவருவார். ஒவ்வொரு வீட்டு மேஜையிலும் விரிக்க ஒரு வெள்ளைத் துணி வேண்டும். முன்பு நீ செய்த வேலை, இப்போது நான் செய்கிறேன். ஏழு துணி தேய்த்து மடித்துவிட்டேன். எட்டாவது துணியை மட்டும் தேய்க்காமல், அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நாளைக்கு அதைக் கொடுத்தனுப்புவதா, அடுப்பில் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கோபம் அக்கா. அந்தப் பொம்பளை மேல் கோபம், உன் மேல் கோபம், சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறேன், ஆண்டவர் மேலும் கோபம்.

நாம் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓப்புடியாக்கள். நீ அண்ணன் பெண்டாட்டி, நான் தம்பி பெண்டாட்டி. ஓப்புடியாக்கள் ஒத்துப்போன வீடு நம் உடையார்பாளையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது, சொல்? நாம் ஒரே முறத்தை நடுவில் வைத்து முந்திரிக்கொட்டை உடைப்பதைப் பார்த்து மாமியாரே, "ரெண்டும் சேந்து எனக்குக் குழி பறிக்குதுங்க" என்று புலம்புவார். 

இருபது வருஷம் கோயில் பீடத்துணிகளை நீதான் துவைத்தாய். நற்கருணைத் துகள் ஒட்டியிருக்கலாம், அதனால் அலசின முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததை ஒரு தடவைகூட மீறமாட்டாய். கிணற்றடிச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, "இதுக்கு வந்த யோகத்தப் பாரு புள்ள, வாராவாரம் நன்ம வாங்குது" என்று சிரிப்பாய். பூசை நேரத்தில் உன் கண் சாமியார் மேல் இருந்ததே இல்லை. துணி ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கிறதா என்பதில்தான் இருக்கும். உட்கார்ந்து ஒரு ஜெபமாலை முழுசாகச் சொல்லி உன்னை நான் பார்த்ததில்லை.

அப்புறம் மார்பில் கட்டி. திருச்சி ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ஊசி. முடி கொட்டியது, நகமெல்லாம் கறுத்தது. முதல் ஊசி போட்டுத் திரும்பிய அன்று நீ செய்த காரியம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கூடத்துக்குப் போய், ஏசுவின் திருஇருதயப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாய். "ஒனக்கு இத்தன வருசம் வெளுத்துப் போட்டதுக்கு நீ குடுத்த கூலியா இது? என் மூஞ்சில முழிக்காத." நான் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டேன். ஒரு மாசம் ஆண்டவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த மாச முதல் வெள்ளிக்கு நீ வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் நான்தான் சாமியாரை வரச் சொன்னேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டு, நோய் வருமுன் நீயே துவைத்து வைத்திருந்த துணியை விரித்தேன். நீ சாமியாரைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தாய், வழக்கம்போல. அது கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. நீ எழுந்து சரிசெய்ய எக்கினாய், முடியவில்லை. அப்படியே தலையணையில் சாய்ந்துவிட்டாய். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாய்: "இருவது வருசம் அவருக்கு நான் எடம் போட்டேன் புள்ள. இன்னைக்கு அவரு என் வூட்டுக்கு வந்து எனக்கு எடம் போட்டுட்டாரு. கோணலாக் கெடந்தாலும் வந்துட்டாரு பாரு." பிறகு வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாய். பகல் முழுக்கத் தூங்கினாய். மருந்துத் தூக்கம் இல்லை அது, எனக்கு வித்தியாசம் தெரியும். எழுந்ததும் படத்தை மறுபடி நேராகத் திருப்பி மாட்டச் சொன்னாய்.

அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டாய். வலி இருந்தது, வாந்தி இருந்தது. ஆனால் நீ பதறவில்லை. கையில் தெம்பு வந்த நேரமெல்லாம் திருவிழாவுக்கென்று ஒரு பீடத்துணி தைத்தாய். திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும்தான் எல்லோரும் தைப்பார்கள். நீ ஒரு மூலையில் முந்திரிப்பழம் தைத்தாய், கீழே கொட்டையோடு. "இவரு நம்மூர்ச் சாமிதானே, கோதும எங்க வெளையுது இங்க?" என்றாய். கறுத்த நகத்தோடு, ஊசி பிடிக்க முடியாமல், ஐந்து மாசம் தைத்தாய்.

கோயில் மாதா சபைக்கு அப்போது தலைவியாக இருந்தவள் பெயரை எழுத மாட்டேன், பேனா கூசுகிறது. தலைவி என்றே வைத்துக்கொள்கிறேன். "புத்துநோயி வந்த கை, நகமெல்லாம் கறுத்துக் கெடக்கு. அந்தக் கையால பீடத்துணியத் தொடலாமா?" என்று சபைக் கூட்டத்தில் கேட்டு உன் வேலையைப் பிடுங்கிக்கொண்டவள் அவள்தான். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதைத் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? அப்படிப்பட்டவள் கையில் திருவிழாவுக்கு முந்தின நாள் உன் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்த முட்டாள் நான். நேராகச் சாமியாரிடம் கொடுத்திருக்க வேண்டும். அவள் ரெண்டு விரலால் வாங்கினபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திருவிழாப் பூசையில் பீடத்தின் மேல் கடையில் வாங்கின லேஸ் துணி பளபளத்தது. முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். "அதுவா? பழைய துணிங்களோட சேத்து எரிச்சாச்சு. கோயில் துணியக் குப்பையில போடக் கூடாதுல்ல?" என்றாள், உதட்டைச் சுழித்துக்கொண்டு. கிழிந்த பீடத்துணியை எரித்துச் சாம்பலைப் புதைப்பது முறைதான், நீயே எத்தனையோ தடவை செய்திருக்கிறாய். ஆனால் ஒரு தடவைகூடப் பீடம் ஏறாத புதுத் துணியை எரிக்க எந்த முறை சொல்கிறது? கோயிலுக்குப் பின்னால் போய்ச் சாம்பலைக் கையால் கிளறினேன். ஒரு மூலை மட்டும் எரியாமல் கிடந்தது. ஒரு தட்டு வைக்கிற அளவுக்கு இருக்கும். அதில் உன் முந்திரிப்பழம்.

உன்னிடம் மறைக்கத்தான் நினைத்தேன். என் மூஞ்சிதான் எதையும் மறைக்காதே. கேட்டதும் உன் கண்ணில் தண்ணீர் வந்தது, அது எனக்குத் தெரியும், நீ இல்லை என்று சொன்னாலும். பிறகு, "விரிச்சாலும் அவருக்குத்தான், எரிச்சாலும் அவருக்குத்தான். போவுது வுடு புள்ள" என்று கண்ணை மூடிக்கொண்டாய். உனக்குப் போய்விட்டது. எனக்கு எப்படிப் போகும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை அரியலூரில் நூல் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பெரம்பலூர் போய்ப் பஸ் மாறிச் சிறுவாச்சூரில் இறங்கினேன். ஏசுசாமியிடம் சொல்லிப் பயனில்லை, அவர் அவளையும் மன்னித்துத் தொலைப்பார், இதற்குக் காளியாத்தாதான் சரி என்று முடிவு கட்டியிருந்தேன். செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு விசேஷம் என்று யாரோ சொல்லக் கேட்ட ஞாபகம். கழுத்துச் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு போய் நின்றால், நடை சாத்திக் கிடக்கிறது. பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "திங்களும் வெள்ளியும்தாம்மா நட தொறப்பாங்க. இதுகூடத் தெரியாதா? எந்த ஊரு நீங்க?" நான் அடுத்த பஸ் ஏறிவிட்டேன்.

உன்னிடம் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பு! தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, வாய மூடு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "ரெண்டு பேரும் பேசி வச்சிட்டாங்க புள்ள, ஒன்னய உள்ள வுடக் கூடாதுன்னு." நானும் சிரித்துவிட்டேன். அதற்கும் எனக்கு உன் மேல் கோபம்தான்.

முந்திரி பூத்திருந்த மாசத்தில் நீ போனாய். அதற்கு ரெண்டு நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைய ஒண்ணும் பண்ணிராத, என்ன?" என்றாய். நான் வாக்குக் கொடுக்கவில்லை அக்கா. நன்றாக ஞாபகம் இருக்கிறது, தலையைக்கூட ஆட்டவில்லை. அடக்கத்துக்கு அவளும் வந்தாள், மாலையோடு, ஊர் கேட்க அழுதுகொண்டு. உன் பிணத்துக்கு மரியாதை கொடுத்து என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

அந்த மூலைத் துணியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூன்று வருஷம் வைத்திருந்தேன். ஒரு நாள் சபையார் எல்லோருக்கும் முன்னால் அதை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இத எரிச்சது நீதானே?" என்று கேட்க வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகியிருக்கிறேன். எந்த வார்த்தையை எங்கே அழுத்த வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் அவளுக்கு வாதம் அடித்தது. வலது கை, வலது கால், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. துணியை வாங்கின அதே கை. கேட்டதும் நான் வடை சுட்டேன். "என்ன விசேஷம்?" என்று என் புருஷன் கேட்டார். சும்மாதான் என்றேன். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லவில்லை.

போன மாசம் அவள் மருமகள் வந்தாள். "எங்க மாமியாளுக்கும் நன்ம கொண்டாராங்க. நீங்க வந்து மேஜ போட்டுக் குடுக்கணுங்க." உடனே சரி என்றேன். அந்தப் பெண் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள், பாவம். நான் நல்ல துணி எதையும் எடுக்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத்தான் எடுத்தேன்.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையைப் போட்டு, ரெண்டு மெழுகுவர்த்தி வைத்து, நடுவில் உன் துணியை விரித்தேன். கருகின ஓரம் அவளைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று திருப்பிவைத்தேன். அவள் பார்த்தாள். முந்திரிப்பழத்தைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. மூன்று வருஷமாக நான் காத்திருந்த முகம் அது அக்கா. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சாமியார் வந்தார். "என்னம்மா இது, எரிஞ்ச துணியால்ல இருக்கு? வேற இல்லையா?" என்று என்னைக் கேட்டார். இதுதான் நேரம். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். கோணின வாயால், எச்சில் ஒழுக, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து: "இருக்கட்டும் சாமி. நான்தான்... எரிச்சேன்." 

என் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டாள் பாவி! சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சாமியார் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு நற்கருணைச் சிமிழை அந்தத் துணி மேல் வைத்தார். எப்படியோ உன் துணிக்கு அவர் வந்து சேர்ந்துவிட்டார். அவள் நன்மை வாங்கினாள். தலையணையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாள். "நோவு வந்து படுத்ததுலேருந்து பகல்ல கண்ணே மூடல, இப்பதான் தூங்குறாங்க" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

உனக்கு வந்த அதே தூக்கம் அக்கா. அதே மாதிரி வாய், அதே மாதிரி மூச்சு. உனக்குக் கொடுத்ததை எடுத்து அவளுக்கும் கொடுத்துவிட்டார்! ஐந்து மாசம் தைத்தவளுக்கும் ஒரு நிமிஷத்தில் எரித்தவளுக்கும் ஒரே தூக்கமா? என்ன நியாயம் இது? வீட்டுக்கு வந்து திருஇருதயப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். நீ செய்ததுதானே, நான் செய்தால் என்ன? என் புருஷன் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று காலை அந்த மருமகள் மறுபடி வந்தாள். "அந்தத் துணியத்தான் கேக்குறாங்க. வேற வேணாங்கிறாங்க" என்றாள். என்னிடம் தலைவி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, தெரியுமா? சாமியாரிடம் சொன்னாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. போ, தர முடியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் கிணற்றடிக்குப் போய் அதை அலசினேன். கருகின ஓரம் கொஞ்சம் தண்ணீரில் உதிர்ந்தது. கறுப்பாக இருந்த அந்த முதல் தண்ணீரை உன் செம்பருத்திக்கு ஊற்றினேன்.

கருகின ஓரத்தை வெட்டிவிட்டு மடித்துத் தைக்கச் சொல்கிறார் சாமியார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முதல் வெள்ளிக்கும் அவள் அதைப் பார்க்க வேண்டும். துவைக்கத் துவைக்க அது தானாக உதிர்ந்து தீரும். அது தீரும் வரைக்கும் அவளை நான் மன்னிக்கப் போவதில்லை, நீ மேலே இருந்து என்ன சொன்னாலும் சரி. அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று என்னைக் கேட்காதே.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது சேலையும் இல்லை, தோடும் இல்லை. இந்த வேலைதான். பெட்டி ஆறிக்கொண்டிருக்கிறது. துணியை விரித்துவிட்டேன். முந்திரிப்பழத்தின் மேல் மெதுவாகத்தான் தேய்க்க வேண்டும். கருகின பக்கம் பெட்டி படாமல் பார்த்துக்கொள்கிறேன். உதிர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

படத்தை இன்னும் நேராகத் திருப்பவில்லை. அவர் கொஞ்சம் அப்படியே இருக்கட்டும். முதலில் துணியைத் தேய்த்துவிட்டு வருகிறேன்.