உருண்டையாக இல்லாத நட்சத்திரங்கள்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல அடுத்த விஷயத்துக்குத் தாவப் போவதில்லை, இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன்மா என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதி, நீ எனக்குப் படங்கள் போடுகிற அதே ஃபோல்டரில் வைக்கிறேன், அதை நீ திறக்காமல் இருக்க மாட்டாய்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் நான் பார்க்கும்போது மட்டும் நொண்டுகிறார். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, நானே சரிபண்றேன் என்று அப்பா ஸ்பேனரோடு உட்கார்ந்து சட்டை நனைந்ததுதான் மிச்சம். அச்சகத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, முதலாளி அதன் பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடுவதில்லை. போன வாரம் உன் அக்கா வந்தாள், சுவரில் மாட்டியிருக்கிற, நீ தொலைநோக்கியில் எடுத்த நம் நெபுலா வாயு மேகப் படத்தைப் பார்த்து, வானத்துல நிஜமாவே இப்படித் தங்கமும் நீலமுமாவா இருக்கு என்று கேட்டாள். நிஜத்தில் முக்கால்வாசி சிவப்புதான்டி என்றேன். நீ அனுப்புவது மூன்று வகைக் கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாயுவின் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டரில் எடுத்தது, அதில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்துச் சேர்ப்பது நான், பச்சை ஊரையே மூழ்கடிக்கும், அதை அடக்கினால்தான் தங்கம் வெளியே வரும் என்று சொன்னேன். அப்போ நீ பொய்யா கலர் அடிக்கிறே என்று சிரித்தாள். அவளுக்கு எங்கே புரியப் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் நீ அனுப்பியதைச் சேர்த்தபோது நட்சத்திரம் எல்லாம் இரட்டை இரட்டையாக வந்தது. அச்சகத்தில் இத்தனை வருஷம் நிறம் பார்த்த புத்தி வேறெங்கே போகும், தகடு விலகினால் எழுத்து இரட்டையாக விழும், இதுவும் அதுதான், மூன்று நிறத்தையும் நான்தான் சரியாகப் பொருத்தவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பொருத்தினேன். மசியவே இல்லை. கண்ணாடியைத் துடைத்து, கம்ப்யூட்டரைத் திட்டி, கடைசியில் நிறமே கொடுக்காமல் ஆக்சிஜன் படம் ஒன்றைத் தனியாகத் திறந்தேன். அந்த ஒரே படத்துக்குள்ளேயே ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டாக இருந்தது, நடுவில் மெல்லிய கோடு. மற்ற படங்களும் அப்படியே.

அங்கே உன் வீட்டு மாடியில் தொலைநோக்கியை வாங்கி வைத்தபோது நீயே சொன்னாய், இந்த மாடித் தளம் மரப்பலகைம்மா, ஒரு படத்துக்கு கேமரா பல நிமிஷம் திறந்தே இருக்கும், நடுவுல கால் வச்சாலே நட்சத்திரம் ஆடிடும், அதனால ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ளே போய்ப் படுத்துடுவேன் என்று. அப்போது எல்லாம் ஊசி குத்தினாற்போல உருண்டையாக வந்தன. இப்போது அங்கே நடப்பது யார்? அப்பா காற்று என்றார். காற்று எல்லாப் பக்கமும் ஆட்டும், இது ஒரே கோட்டில் போய் வருகிறது. பூனையா இருக்கும் என்றார். பலகையை அமுக்குகிற பூனை என்றால் அது உங்கள் எடை இருக்க வேண்டும் என்றேன். பிறகு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புள்ள தூங்கவே இல்லையா என்று கேட்டார். ஒன்றிரண்டு படத்தில் என்றால் தண்ணீர் குடிக்க எழுந்தாய் என்று விட்டிருப்பேன். சாதாரணக் கலர் எடுத்த காலத்தில் நிலா இருக்கும் நாளாவது உனக்கு லீவு. இந்த ஃபில்டர் நிலா வெளிச்சத்திலும் எடுக்கும் என்பதால் அந்த லீவும் போயிற்று. தினமும், எடுத்த எல்லாப் படத்திலும் நீ நடந்துகொண்டே இருக்கிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா, உடம்புக்கு முடியவில்லையா, யாராவது மனசை நோகடித்தார்களா, எதுவும் தெரியவில்லை. அந்த மாடியின் கைப்பிடி உன் இடுப்புக்குக்கூட வராது, நீ அனுப்பிய போட்டோவை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பார்த்தேன், இப்போது எடுத்துப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டு புள்ளிகளில் ஒன்று பெரிதாக இருக்கிறது, அந்த முனையில் நீ ரொம்ப நேரம் நிற்கிறாய் என்று அர்த்தம். அது கதவுப் பக்கமா, கைப்பிடிப் பக்கமா? அதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆடின படங்களைக் கழித்துவிடச் சொல்லிக்கொடுத்தவள் நீதான். நான் ஒன்றையும் கழிக்கவில்லை, எதிலும் நீ இருக்கிறாய். காரணம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாதே, போனைக் காதில் வைத்துக்கொண்டு படுத்துக்கொள், நான் குழாய் ஒழுகுகிற கதையைப் பேசிக்கொண்டிருக்கிறேன், என் பேச்சைக் கேட்டால் உனக்குச் சின்ன வயசிலிருந்தே தூக்கம் வந்துவிடும். அப்பா உன் ஊருக்கு டிக்கெட் விசாரிக்கப் போயிருக்கிறார், படி இறங்கும்போது நொண்டவே இல்லை.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும் கண்ணே, உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஒன்றை மறக்காதே, இன்றைக்குத் தொலைநோக்கி மட்டும் வெளியே நிற்கட்டும், நீ உள்ளே போய்க் கதவைத் தாழ் போடு. ஒரே ஒரு படம் அனுப்பு, நெபுலா வேண்டாம், வானத்தில் ஏதாவது ஒரு மூலை போதும். நட்சத்திரம் உருண்டையாக இருந்தால் நீ தூங்கினாய் என்று தெரிந்துகொள்வேன்.

ஃபோல்டரைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,
அம்மா