முன்சக்கரத்து மூட்டை

நவம்பர் 3, செவ்வாய்

விடாத மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. அம்மா வீட்டில்.

பள்ளியிலிருந்து திரும்பும்போது வளைவுகளில் முன்சக்கரம் டக் டக் என்றது. பின் இருக்கையில் தோழி சரசு, “ஒங்க காரு பல்லக் கடிக்குதுடி.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரு பக்கமும் ரப்பர் மரம். அங்கேதான் போன மாதம் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை எரித்தார்கள். அதன் பிறகு பஸ் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரை அப்பாதான் சிரம்பானுக்கு ஏற்றிப் போகிறார்.

ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்ற பழைய பிரெஞ்சுக் கார். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டைச் சுற்றி ஒரு தோலுறை, அது கிழிந்துவிட்டது. உள்ளிருந்த கிரீஸ் சக்கரம் முழுக்க அப்பிக் கிடக்கிறது. உள்ளே மண் போனால் மூட்டு தேய்ந்து நடுவழியில் நின்றுவிடும் என்கிறார் அப்பா.

திங்கள் முதல் பரீட்சை. எழுதாதவர்களுக்கு மேல் வகுப்பு கிடையாது.

நான் எழுதுவதைப் பார்த்தால் அப்பா ஏசுவார். சோதனைக்கு வருகிற போலீஸ்காரன் எதையும் எடுத்துப் படிப்பானாம். அம்மா புரண்டு படுக்கிறாள். போதும்.

நவம்பர் 4, புதன்

வெயில். சிரம்பான் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே: “உறை தனியா கெடைக்காது லா. ஷாஃப்டோட பிரான்ஸ்லேருந்து வரணும்.” விலையும் சொன்னார். அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. “ரப்பர் தோட்டத்துல குந்திக்கிட்டு சீமைக்கு எழுதிப் போடுறதா?”

எங்கள் லயத்து வீடுகளில் எதற்கும் ரப்பர் பால்தான். ஓட்டை வாளி, கூரை, செருப்பு. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு ஒரு குவளை பால். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, பாலில் நனைத்து, மூட்டின் மேல் சுற்றுக்குமேல் சுற்று. பால் இறுகக் கீழே கொட்டாங்குச்சிப் புகை. காருக்குப் பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது, துணி சுற்றி, சாம்பிராணி காட்டி.

நவம்பர் 5, வியாழன்

ஒரு சொட்டுக் கிரீஸ்கூட ஒழுகவில்லை. அப்பா வழியெல்லாம் பாட்டு. மத்தியானம் பள்ளி கேண்டீனில் மீ நூடுல்ஸ். (எங்கள் குடியிருப்பைச் சுற்றிய கம்பிவேலியைத் தாண்டிச் சோறு, அரிசி எதுவும் போகக்கூடாது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேருமாம்.) சரித்திரம் படித்து முடித்தேன்.

நவம்பர் 6, வெள்ளி

காலையில் வேலிக் கதவருகே காவல்காரர் யூசோப் குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. எங்கள் ரப்பர் உறை ராத்திரியோடு ராத்திரியாக உப்பி, சக்கரத்துக்குப் பின்னால் துணி மூட்டையாகத் தொங்கியது.

“பெராஸ்?” அரிசியா என்று மலாயில் கேட்கிறார்.

“இல்ல என்ச்சே, கிரீஸ்,” என்றார் அப்பா.

நம்பவில்லை. எல்லாரையும் இறக்கினார். இன்னொருவன் துப்பாக்கியோடு பக்கத்தில். அரிசி கடத்தினால் ஜெயில் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரசு என் கையைப் பிடித்திருந்தாள். நான்தான் பிடித்திருந்தேனோ.

யூசோப் கத்தியால் கீறினார். கறுப்புக் கிரீஸும் கரைந்த ரப்பரும் கொழகொழவென்று அவர் கையில். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பிரிக்க நூலாக இழுத்தது. துப்பாக்கிக்காரன்தான் முதலில் சிரித்தான்.

இன்று பள்ளி இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ரப்பரு ஷீட்டுல எண்ணெ பட்டா கெட்டுப்போவும்னு வேல வாங்குற மண்டோர் தெனம் கத்துறாரு. அது எனக்குத் தோணலையே.”

“எனக்கு மட்டும் தோணுச்சா?” என்றார் அப்பா.

நவம்பர் 7, சனி

தூறல். வேலிக்கு அந்தப் பக்கம் யூசோப், கையில் காற்றுப் போன பந்து. காவல்காரர்கள் முகாமில் ஆடியது, முள்கம்பியில் குத்திவிட்டதாம். உறைக்கு இந்தத் தோல் தேறுமா பாருங்கள் என்றார். விரல் நகமெல்லாம் இன்னும் கறுப்பு.

அப்பா பந்தை வெகுநேரம் உருட்டி உருட்டிப் பார்த்தார். நல்ல தோல். கயிறு கோக்கும் துளைகள்கூட இருக்கின்றன. இரு முனையையும் வெட்டி, சிறிதாக்கி, அம்மா கோணி ஊசியால் தைத்தாள். தையலுக்கு நான் மெழுகு தேய்த்தேன். மூட்டில் புதுக் கிரீஸை அடைத்து, உறையைச் சுற்றி, சப்பாத்துக்குக் கட்டுவதுபோல் கயிற்றை இறுக்கி, இரண்டு முனையிலும் கம்பி. ஷாஃப்டைக் கழற்றவே இல்லை.

நவம்பர் 8, ஞாயிறு

வேலிக்குள்ளேயே காரை ஓட்டிப் பார்த்தோம். ஸ்டோரைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, திரும்பத் திரும்ப. சரசு: “ஓரமா நில்லுங்க, காரு கோலு போடப் போவுது.”

அம்மா ஆப்பம் சுட்டாள். பூகோளம் பாதிதான். தூக்கம் வருகிறது. பயம் குறைவு.

நவம்பர் 9, திங்கள்

கதவருகே யூசோப் குனிந்து பந்தை ஒரு தட்டுத் தட்டி, போ என்று கையசைத்தார். பஸ் எரிந்த வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். டக் டக் இல்லை. மரங்கள் போகும் சத்தம் மட்டும்.

பள்ளி வாசலில் அப்பா படுத்து, அடியில் கைவிட்டுத் தடவி, கையை விரித்துக் காட்டினார். செம்மண் மட்டும்.

“போம்மா, போய் எழுது.”

எழுதினேன். நாளைக்குக் கணக்கு.