முனை முதல் முனை வரை

நாள் 212, காலை 6.10

இதைக் கண்டெடுப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும். அறுபத்தொன்பது வயதில், இங்கே வந்த பிறகுதான் எழுதப் படித்தேன். ஒரு வரி முடிந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. பெயர் சூசை மிக்கேல். ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை. இங்கே, வியாழனின் பனி நிலவில், தனி ஆளாக நிலையக் காவல்.

அறையின் பனிச்சுவரில் ஒரு விரிசல். தினமும் படமெடுத்து, மேலே சுற்றும் கப்பலுக்கு அனுப்புகிறேன். விரிசல் வளர்ந்தால் கப்பல் இறங்கி என்னை ஏற்றிக்கொள்ளும். வளராவிட்டால் 220ஆம் நாள் ஊர் திரும்பிவிடும். கப்பலில் படம் பார்ப்பவள் எஸ்தர்கனி.

"ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுங்க பாட்டையா. எங்க நின்னீங்க, வெளிச்சம் எப்படி, என்ன தப்புன்னு. ஒரு வாரத்துல கை தேறிரும்."

மூன்று அடி தள்ளி நின்றேன். விளக்கு நேராக. தப்பு: சுவர் வெளுத்துவிட்டது.

நாள் 214, காலை 6.05

விளக்கைச் சாய்த்தேன். நல்ல நிழல். தப்பு: வலது முனை வெட்டுப்பட்டது.

"விரிசலோட ரெண்டு முனையும் படச் சட்டத்து ஓரத்தைத் தொடணும் பாட்டையா. இல்லாட்டி இங்க படத்த அளக்குற மிஷின் தள்ளிரும்."

ஐந்து அடிக்குப் போனேன். அழகாக உட்கார்ந்தது.

நாள் 216, காலை 6.20

ஒன்பது அடி. முழங்கையை நாற்காலியில் ஊன்றினேன். தப்பு ஒன்றுமில்லை.

"ஸ்டுடியோ வெச்சிரலாம் போலயே. விரிசல் அப்படியே இருக்காம், மிஷின் சொல்லுது."

அன்று முழுக்க எனக்குக் கொண்டாட்டம்.

நாள் 218, காலை 7.40

பதினாறு அடி. முதுகு எதிர்ச்சுவரில் முட்டியது. எங்கோ காற்று சீறுகிறது.

பழைய குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று, ஐந்து, ஒன்பது, பதினாறு. விரிசல் வளர வளர நான் பின்னால் போயிருக்கிறேன். படத்தில் அது வளரவே இல்லை. குறிப்புகளை அப்படியே அனுப்பினேன்.

"எனக்குப் புரியுது பாட்டையா. மிஷினால ஒங்க எழுத்தப் படிக்க முடியல. கேப்டன், இது எழுத்தா எறும்பு ஊர்ந்ததான்னு சிரிக்காரு. நான் சொன்னா யாரு கேக்கா?"

நாள் 219, காலை 6.00

அளவு தெரியட்டும் என்று விரிசல்மேல் என் கையுறையை ஒட்டி எடுத்தேன். மிஷின் பதில்:

"அந்நியப் பொருள் உள்ளது. நிராகரிக்கப்பட்டது. முந்தைய படமே செல்லும்."

நாள் 220, பகல் 11.30

கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்தது பதினோரு மாதம் கழித்து.

"மன்னிச்சிருங்க பாட்டையா. ஒங்க படத்த கேப்டன் பயிற்சிப் பாடத்துல சேத்துட்டாரு. இப்படித்தான் எடுக்கணும்னு காட்ட."

விரிசல் கூரைக்கு ஏறிவிட்டது. நடைவழியில் படுத்து எடுத்தேன். இரண்டு முனையும் ஓரத்தைத் தொட்டன. நான் எடுத்ததில் இதுதான் நல்ல படம். காது அடைக்கிறது. விரல் பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. லென்ஸில் பனித்தூள் விழுந்தபடி இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு, என்ன தப்பு என்பதை அடுத்த வாரம் நிதானமாக எழுது